பிராண்டனா, மூஸ் ஜாவா?

கனடாவுக்குக் குடிபெயர நினைக்கும் நம்மவர்களுக்கு டொராண்டோ பக்கத்து ஸ்கார்பரோ, பிராம்ப்டன் தாண்டி யோசனை போவது அபூர்வம். 2025 ஜனவரியில் கனடா அரசு ஊர்ப்புறங்களுக்கான குடியேற்றத் திட்டத்தை அறிவித்து 14 பகுதிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு இந்த வழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பிரெய்ரி என்ற புல்வெளிச் சமவெளியின் இரண்டு சிறு நகரங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஒன்று மனிடோபா மாகாணத்தின் பிராண்டன், இன்னொன்று சஸ்காட்செவனின் மூஸ் ஜா. 2019-இல் வந்த முந்தைய திட்டத்திலும் இரண்டும் இருந்தன. அந்த ஊரில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று வேலை தருவதாக உறுதி சொல்ல வேண்டும், நீங்களும் அங்கேயே குடியிருக்கும் எண்ணத்தோடு வர வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ஆகவே விண்ணப்பிக்கும்போதே ஊரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் 1880-களின் தொடக்கத்தில் உருவாக்கியது கனேடியன் பசிபிக் ரயில்வே. இரண்டுக்கும் பக்கத்தில் ராணுவ முகாம் உண்டு, ஊருக்குள் இறைச்சி ஆலை உண்டு, ஊரே வெறிபிடித்துப் பார்க்கும் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியும் உண்டு. மூஸ் ஜா வாரியர்ஸ் 2024-இல்தான் முதல்முறையாக மேற்கு லீக் கோப்பையை வென்றார்கள். பிராண்டன் வீட் கிங்ஸ் அதை மூன்று முறை வென்றவர்கள் என்று பிராண்டன்காரர்கள் கேட்காமலே சொல்வார்கள்.

வேறுபாடு மக்கள்தொகையில் தெரியும். 1961 கணக்கெடுப்பில் மூஸ் ஜாதான் பெரிய ஊர். அங்கே 33,000 பேர், பிராண்டனில் 28,000 பேர். 2021-இல் பிராண்டன் 51,313. மூஸ் ஜா 33,665. அதாவது அறுபது வருஷமாக மூஸ் ஜா இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். எனக்குப் பெரிதாகப் படுவது தூரம். மூஸ் ஜாவிலிருந்து மாகாணத் தலைநகர் ரெஜைனா எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான், காரில் முக்கால் மணி நேரம். பிராண்டனிலிருந்து வின்னிபெக் 200 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ரெஜைனா அருகில் இருப்பதால் பெரிய கடையோ, சிறப்பு மருத்துவமோ, பல்கலைக்கழகமோ மூஸ் ஜாவில் வந்து உட்கார வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பிராண்டனுக்கு அந்த வசதி இல்லை. மேற்கு மனிடோபா முழுவதற்கும் அதுவே சந்தை, அதுவே ஆஸ்பத்திரி. கதிர்வீச்சு சிகிச்சையோடு கூடிய புற்றுநோய் மையம் 2011-இல் அங்கே திறக்கப்பட்டது. மாகாணத்தில் வின்னிபெக்குக்கு வெளியே அந்தச் சிகிச்சை கிடைத்தது அதுதான் முதல்முறை. மூஸ் ஜாவிலும் 2015-இல் திறந்த நல்ல மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கதிர்வீச்சு என்றால் ரெஜைனா போக வேண்டும்.

படிப்பிலும் இதே கதை. 1899-இல் கல்லூரியாகத் தொடங்கி 1967-இல் பல்கலைக்கழகமான பிராண்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் இசைத் துறைக்கு நாடு முழுக்கப் பெயர். கனடாவில் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு அடிபோட்ட டாமி டக்ளஸ் 1920-களில் இங்கேதான் படித்தார். இதோடு அசினிபாயின் கல்லூரியும் உண்டு. மூஸ் ஜாவில் சஸ்காட்செவன் பாலிடெக்னிக்கின் ஒரு வளாகம். தொழிற்படிப்புக்கு அது நல்ல இடம். பட்டப்படிப்புக்கு மகனோ மகளோ தினமும் ரெஜைனா போய் வரலாம், பனிப்புயல் வந்து சாலையை மூடாத நாட்களில்.

இங்கே ஒரு விஷயத்தைப் புது ஆட்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்த முக்கால் மணி நேரம் கார் இருப்பவனுக்கு மட்டும்தான். இந்த ஊர்கள் வழியாகத் தெற்குப் பாதையில் ஓடிய பயணிகள் ரயில் 1990 ஜனவரியோடு நின்றுபோனது. சஸ்காட்செவன் அரசின் பஸ் கம்பெனியை 2017-இல் மூடினார்கள். அடுத்த வருஷம் கிரேஹவுண்ட் என்ற தனியார் பஸ் கம்பெனியும் மேற்குக் கனடாவிலிருந்து கிளம்பிவிட்டது. இதன் பிறகு சின்ன வண்டிகள் சில ஓடினாலும், நம் ஊர் மாதிரி நினைத்தபோது ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறும் கதையே இல்லை. லைசென்ஸ் வாங்கி, கார் வாங்கி, பனியில் ஓட்டிப் பழகும்வரை ரெஜைனா பக்கத்தில் இருந்தும் பயனில்லை. அந்த முதல் குளிர்காலத்தில், எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கும் பிராண்டன் எவ்வளவோ மேல்.

சரி, வேலை. பிராண்டன் என்றால் பன்றி இறைச்சி ஆலை. மேப்பிள் லீஃப் நிறுவனம் 1999-இல் திறந்தது. உள்ளூரில் ஆள் போதாமல் மெக்சிகோ, எல் சால்வடார், சீனா, உக்ரைன், கொலம்பியா, மொரீஷியஸ் என்று தேடித் தேடி ஆள் எடுத்தார்கள். வந்தவர்கள் குடும்பத்தையும் வரவழைத்தார்கள். கோதுமை நகரம் என்று பெயர் எடுத்த ஊரில் இன்று பள்ளிக்கூட வாசலில் ஸ்பானிஷ் கேட்கிறது என்றால் அதற்கு இந்த ஆலைதான் காரணம். வேலை கடினம். குளிரூட்டிய தளத்தில் கத்தியோடு ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்ய வேண்டும், மணிக்கட்டும் தோளும் பதம்பார்க்கப்படும். பன்றி இறைச்சியைத் தொட மனம் ஒப்பாதவர்கள் இதை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. அது வேண்டாம் என்றால் மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு, உரத் தொழிற்சாலை, கிழக்கே ஷைலோ ராணுவ முகாமைச் சுற்றிய வேலைகள்.

மூஸ் ஜாவில் வேலைகள் சிதறிக் கிடக்கின்றன. ரயில்வே இருக்கிறது. விமானப் படைத் தளம் இருக்கிறது, வானில் சாகசம் காட்டும் ஸ்னோபேர்ட்ஸ் குழுவின் தாயகம் அது. ரெஜைனா போகும் வழியில் பெல் பிளெய்னில் 1960-களிலிருந்து இயங்கும் பொட்டாஷ் சுரங்கம். ஆனால் ஆள் உள்ளே இறங்குவதில்லை, தண்ணீரைச் செலுத்தி உப்பைக் கரைத்து மேலே எடுக்கிறார்கள். அங்கே சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் வந்த வருஷமே கிடைக்கும் வேலை அல்ல.

ஊரின் சுவாரசியம் என்று பார்த்தால் மூஸ் ஜா ஜெயிக்கிறது. ஆழத்திலிருந்து வரும் வெந்நீர்க் குளம், சுவரோவியங்கள், நெடுஞ்சாலையோரம் மேக் என்ற ராட்சத மூஸ் மான் சிலை. நார்வேக்காரர்கள் இதைவிட முப்பது சென்டிமீட்டர் உயரமாக ஒன்றை வைத்துவிட, 2019-இல் மேக்குக்குப் புதுக் கொம்பு மாட்டி, உலகின் மிக உயரமான மூஸ் சிலை என்ற பட்டத்தைத் திரும்ப வாங்கினார்கள்! சுற்றுலாக்காரர்கள் வருவது நிலத்தடிச் சுரங்கங்களைப் பார்க்க. சிகாகோ தாதா அல் கபோன் வந்து பதுங்கினான் என்பார்கள், உறுதியான ஆதாரம் இல்லை. சீனத் தொழிலாளர்கள் உள்ளே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதும் வரலாற்றாளர்கள் தயங்கும் கதை. நாடகம் என்று எடுத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கும்.

உண்மையில் நடந்தது அதைவிடக் கனமானது. சீனர் கடைகளில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1912-இல் சஸ்காட்செவன் சட்டம் போட்டது. மூஸ் ஜாவில் உணவகம் நடத்திய குவாங் விங் அதில் தண்டிக்கப்பட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 1914-இல் அங்கும் தோற்றார். 1927-இல் இதே ஊரில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு பெருங்கூட்டம் நடத்தியது. வெளியிலிருந்து குடியேறப் போகிறவர்களுக்கு கபோனைவிட இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சுற்றுவட்டாரத்துக்கு பிராண்டன். வடக்கே ஒரு மணி நேரத்தில் ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்கா: காடு, ஏரி, வேலியடைத்த பரப்பில் மந்தையாக மேயும் காட்டெருமைகள். கிழக்கே ஸ்பிரூஸ் வுட்ஸில் வெறும் மணல்மேடுகள். பனியுகம் முடிந்தபோது அகாசி என்ற மாபெரும் ஏரியில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் அது. பாலைவனம் என்று விளம்பரம் செய்தாலும் மழை பெய்கிற இடம்தான். மூஸ் ஜா பக்கம் நிலம் வறண்டது, மரம் குறைவு. பஃபலோ பவுண்ட் ஏரி ஒன்று உண்டு, இரண்டு நகரங்கள் அதன் தண்ணீரைக் குடிக்கின்றன. அப்புறம், தெற்கே ஒரு அருங்காட்சியகத்தில் ஒரு கப்பல். டாம் சுகனன் என்ற ஃபின்லாந்து விவசாயி 1930-களின் பஞ்சத்தில், கடலே இல்லாத புல்வெளியில் தன் கையால் கப்பல் கட்டி ஆற்று வழியே ஊர் திரும்பப் பார்த்தார். கப்பல் தண்ணீரைத் தொடவே இல்லை. 1943-இல் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

செலவுக் கணக்கு பெரிய வித்தியாசம் தராது. மாகாண விற்பனை வரி மனிடோபாவில் 7 சதவீதம், சஸ்காட்செவனில் 6. கார் இன்சூரன்ஸ் இரண்டு இடத்திலும் அரசு நிறுவனத்திடம். மின்சாரம் மட்டும் மனிடோபாவில் மலிவு, ஏறக்குறைய எல்லாமே நீர்மின்சாரம். பிராண்டனில் வீடு பார்ப்பவர்கள் அசினிபாயின் ஆற்றங்கரைத் தாழ்வுப் பகுதியைத் தவிர்க்கலாம். 2011 வெள்ளத்தில் அங்கிருந்தவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. குளிர் இரண்டிலும் மைனஸ் முப்பதைத் தொடும். மூஸ் ஜாவில் சராசரி சில டிகிரி பரவாயில்லை. காரின் எஞ்சின் உறையாமல் இருக்க அதை ராத்திரியில் கரண்ட் பிளக்கில் மாட்டி வைப்பது இரண்டு ஊரிலும் உண்டு.

பெரிய கோயிலுக்கு பிராண்டன்காரர் வின்னிபெக்கும் மூஸ் ஜாக்காரர் ரெஜைனாவும் போக வேண்டும். பெரிய தமிழ்க் கூட்டம் இரண்டிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

தனியாக, கார் இல்லாமல், முதல் வேலைக்கு வருகிறவருக்கு நான் பிராண்டனைத்தான் சொல்வேன். கணவன் மனைவி இருவரும் கார் ஓட்டுவார்கள், ஒருவருக்கு ரெஜைனா பக்கம் வேலை கிடைக்கும் தகுதி இருக்கிறது என்றால் மூஸ் ஜா சரியாக வரும். வேலை உறுதிக் கடிதம் ஒரு ஊரிலிருந்து மட்டும் வந்தால், மான் சிலையையும் மணல்மேட்டையும் மறந்துவிட்டு அந்த ஊருக்கே போங்கள்.