சிப்காட் பக்கம் மனை வாங்கும் முன் மண் பரிசோதனை: 5க்கு 4 கொடுப்பேன்

ராணிப்பேட்டை சிப்காட்டைச் சுற்றி மனை பார்க்கிறவர்கள் பட்டா, வில்லங்கம் எல்லாம் துருவித் துருவிப் பார்க்கிறார்கள், மண்ணை யாரும் பார்ப்பதில்லை. 1990களில் மூடிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையின் குரோமியம் கலந்த கழிவு 1.5 லட்சம் டன்னுக்கும் மேல் அங்கே குவிந்து கிடந்தது, மழை பெய்தால் தண்ணீர் மஞ்சளாக வடியும். என் தங்கை அந்தப் பக்கம் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியபோது பிடிவாதமாக நிறுத்தி, சென்னையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மண்ணைக் கொடுக்க வைத்தேன்.

அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "அந்த நிலத்தில் முன்னாடி என்ன இருந்தது, பக்கத்தில் என்ன தொழிற்சாலை?" என்பதுதான். இது எவ்வளவு முக்கியம் என்றால், விவசாயத்துக்குத் தரும் மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, துத்தநாகம் என்று 12 விஷயங்கள் இருக்கும், குரோமியம் இருக்காது. அதை வைத்துக்கொண்டு "மண் நல்லா இருக்கு சார்" என்று சொல்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். மாதிரி எடுக்க ஆளையே அனுப்பினார்கள். மேல்மண், ஆழமான மண் இரண்டையும் தனித்தனியாக, எவர்சில்வர் கரண்டி இல்லாமல் பிளாஸ்டிக் கரண்டியில் எடுத்து (எவர்சில்வரிலேயே குரோமியம் உண்டு), ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மொத்தக் குரோமியத்தோடு நிற்காமல் ஆறு இணைதிறன் குரோமியத்தையும் தனியாகப் பார்த்தார்கள். புற்றுநோய் வரவழைப்பதும், தண்ணீரோடு சுலபமாக நகர்வதும் அந்த வகைதான்.

குறை ரிப்போர்ட்டில். வெறும் எண்கள், எது அதிகம் எது சாதாரணம் என்று ஒரு வரிகூட இல்லை, போன் செய்து கேட்டபிறகுதான் பொறுமையாக விளக்கினார்கள். காசு கொடுக்கிறவருக்கு இது எழுத்தில் வர வேண்டாமா? கழிவு படாத தூரத்து இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட்டிருக்கலாம், அதையும் அவர்களாகச் சொல்லவில்லை. கட்டணமும் சாதாரண மண் பரிசோதனையைவிட நிறையவே அதிகம், ஆனால் மனை விலையோடு பார்த்தால் பெரிதில்லை.

நீங்கள் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், அங்கீகாரப் பட்டியலில் மண்ணில் குரோமியம் பார்ப்பது இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் போர் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். மனை சுத்தமாக இருந்தாலும் நிலத்தடி நீர் வழியாகக் குரோமியம் வந்துவிடலாம், குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.