பலூனில் இருந்தது ஹீலியம் அல்ல: பிறந்தநாள் விழா நடத்தவிருக்கும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

குழந்தையின் பிறந்தநாள் விழா அலங்காரத்தை ஓர் ஏற்பாட்டாளரிடம் ஒப்படைக்கப்போகிறீர்கள் என்றால், பலூன்களில் எந்த வாயுவை நிரப்புவார் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மகளின் ஐந்தாம் பிறந்தநாளுக்கு ஹீலியம் என்று சொல்லி, அதற்குரிய தொகையையும் பெற்றுக்கொண்ட ஒருவர், தீப்பற்றக்கூடிய வாயு நிறைந்த பலூன்களைக் குழந்தைகளின் தலைக்கு மேல் கட்டவைத்தார்.

பேசும்போது அவர் மிகவும் பொறுப்பானவராகவே தெரிந்தார். பலூன் வளைவு, கூரையில் மிதக்கும் பலூன்கள், கேக் மேசைக்குப் பின்னால் ஒரு பலூன் கொத்து, ஸ்னோ ஸ்பிரே என்று ஒவ்வொன்றையும் படங்களுடன் காட்டி விளக்கினார். மிதக்கும் பலூன்களில் என்ன வாயு என்று நான் கேட்டதற்கு, "ஹீலியம்தான், கவலையே வேண்டாம்" என்று தொலைபேசியில் உறுதி கூறினார். ஆனால் அவர் அனுப்பிய ரசீதில் 'கேஸ் பலூன்' என்று மட்டுமே இருந்தது.

விழாவன்று அவர் வரவில்லை. அவர் அனுப்பிய இளைஞர்கள் பெயிண்ட் உரிந்த, எந்த லேபிளும் ஒட்டப்படாத ஒரு சிலிண்டரை வாசலில் வைத்துப் பலூன்களை நிரப்பினார்கள். என்ன வாயு என்று கேட்டபோது, "அண்ணன் கொடுத்தனுப்பினார், எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆபத்தான ஒரு பொருளை எதுவும் சொல்லாமல் அவர்கள் கையில் கொடுத்தனுப்பியவர்மீதுதான் கோபம்.

மெழுகுவத்தி ஏற்றியதும், கொத்திலிருந்து நழுவிய ஒரு பலூன் சுடரின் பக்கம் சாய்ந்து, வெடித்த அதே நொடியில் தீப்பிழம்பாக விரிந்தது. ஹீலியமாக இருந்திருந்தால் சத்தத்தோடு முடிந்திருக்கும். மேசையருகே நின்ற என் நாத்தனாரின் முன்தலைமுடி கருகியது. பின்னால் தொங்கிய காகித அலங்காரம் பற்றிக்கொண்டது. மைத்துனர் ஈரத்துணியால் அதை உடனே அணைத்துவிட்டார். மகள் மேசையின் மறுபுறம் என் கணவரின் கையில் இருந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, மிச்சமிருந்த பலூன்களை நெருப்பு எதுவும் இல்லாத திறந்தவெளிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வாயுவை வெளியேற்றினோம்.

ஹீலியம் எரியாத மந்த வாயு. அதற்குப் பதிலாகச் சிலர் நிரப்பும் ஹைட்ரஜனோ காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். அதற்கு ஆடையின் உராய்விலிருந்து எழும் சிறு மின்பொறியே போதும். இரண்டுக்கும் நிறமோ மணமோ கிடையாது, இரண்டுமே பலூனை மேலே தூக்கும் என்பதால், மிதப்பதைப் பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது. ஹீலியத்தை இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பதால் அதன் விலை அதிகம். ஹைட்ரஜனையோ காஸ்டிக் சோடாக் கரைசலில் அலுமினியத் துண்டுகளைப் போட்டே உண்டாக்கிவிடலாம். இந்த விலை வேறுபாட்டுக்காகத்தான் மாற்றி நிரப்புகிறார்கள். போதாக்குறைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்த இளைஞர்கள் ஸ்னோ ஸ்பிரே டப்பாக்களையும் மெழுகுவத்திக்கு அருகிலேயே அடுக்கியிருந்தார்கள். அத்தகைய டப்பாக்களில் நுரையை வெளியே தள்ளுவதற்குப் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரியும் வாயுக்களே பெரும்பாலும் பயன்படுகின்றன.

அன்று மாலையே ஏற்பாட்டாளரை அழைத்தேன். முதலில் தரமான வாயுதான் என்று சாதித்தவர், தீப்பிடித்ததைச் சொன்னதும், "நீங்கள் கொடுத்த காசுக்கு ஹீலியம் எப்படி வரும்?" என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை. நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். தொலைபேசியில் அவர் சொன்ன உறுதிக்குச் சான்று இல்லாத நிலையில், அந்தக் குறுஞ்செய்தி ஒன்றுதான் எங்களிடம் இருக்கும் வலுவான ஆதாரம். ஆகவே இத்தகைய பேச்சுகளை எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், சிறு குழந்தைகளின் விழாவுக்கு மிதக்கும் பலூன்களே தேவையில்லை. கைப்பம்பால் காற்றடித்துச் சட்டகத்தில் கட்டிய பலூன்களே போதிய அழகைத் தரும். அவற்றிலும் வெடித்த ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அவற்றை வாயில் போட்டால் மூச்சு அடைபடும் அபாயம் உண்டு. மிதக்கும் பலூன்தான் வேண்டும் என்றால், ரசீதில் ஹீலியம் என்ற பெயர் இருக்கட்டும். சிலிண்டரில் வாயுவின் பெயரும் வழங்குநரின் பெயரும் அச்சிட்ட லேபிள் இருக்கிறதா என்று பார்த்த பின்பே நிரப்ப அனுமதியுங்கள். நிறக்குறியீடு நாட்டுக்கு நாடு மாறும் என்பதாலும், யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம் என்பதாலும், சிலிண்டரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மெழுகுவத்தி ஏற்றும் மேசையருகே வாயு பலூனோ ஸ்பிரே டப்பாவோ வைக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.