16 வருடமாக பவர்பாயின்ட்: கையோடு ஒட்டிக்கொண்டவை

பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 2009இல் எங்களுக்குப் புரொஜெக்டர் வந்தது, அன்றிலிருந்து பவர்பாயின்ட்தான். முதல் வருடம் ஒவ்வொரு வரியும் சுழன்று வந்து விழும்படி அனிமேஷன் போட்டேன். அடுத்த வரி எந்தப் பக்கமிருந்து வரும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். ஒளிவிலகல் யார் மண்டையிலும் ஏறவில்லை.

பெரிய அடி வாங்கியது எழுத்துருவில். ஒரு பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தேன். பாமினியில் அடித்த 40 ஸ்லைடு, பென் டிரைவில். அங்கிருந்த கணினியில் பாமினி இல்லை. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று திரையில் நிற்கிறது! அன்று முழுக்கக் கரும்பலகைதான். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். அப்புறம், தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாறினேன். இப்போது நிர்மலா எழுத்துரு மட்டும்தான். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. வேறு அழகான எழுத்துரு வேண்டுமென்றால், ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய், எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பதிக்கும் பெட்டியை டிக் செய்துவிடுவேன். சில எழுத்துருக்கள் இதற்கு இடம் கொடுக்காது. அதனால் ஒரு பிடிஎஃப் நகலும் கூடவே போகும்.

தயாரிப்பில் நான் அதிகம் அழுத்துவது கண்ட்ரோல்+டி. தனிம அட்டவணைக்கு ஒரு கட்டம் வரையுங்கள். கண்ட்ரோல்+டி அழுத்தி, வரும் நகலை முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வேறெங்கும் கிளிக் செய்யாமல் மறுபடி மறுபடி கண்ட்ரோல்+டி. அதே இடைவெளியில் கட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும். 18 ஆனதும் வரிசையை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அதே வித்தையைக் கீழ்நோக்கிச் செய்தால் 7 வரிசையும் தயார். முன்பு ஒரு மாலை முழுக்கக் கட்டத்தைக் கட்டத்தோடு பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

படங்களில் ஒரு எச்சரிக்கை. மதிப்பெண் பட்டியலின் ஒரு மூலையை மட்டும் வெட்டி ஸ்லைடில் போட்டிருந்தேன். ஃபைலை வாங்கிய சக ஆசிரியர் கிராப்பை இழுத்துப் பார்த்தார். முழுப் பட்டியலும் அங்கேயே இருந்தது! வெட்டியது மறைந்திருக்குமே தவிர, போயிருக்காது. கம்ப்ரெஸ் பிக்சர்ஸில் வெட்டிய பகுதியை அழிக்கும் தேர்வு இருக்கிறது. அதோடு படத்தின் அடர்த்தியை 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்று வைத்தால் ஃபைலும் இளைத்துவிடும். சேமித்த பிறகு மீட்க முடியாது, ஆகவே அசல் படம் தனியே இருக்கட்டும்.

அனிமேஷனை விட்டாலும், ஒரு ஸ்லைடு அடுத்ததாக உருமாறும் மார்ஃபை விடவில்லை. 2019 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒரு ஸ்லைடில் நிலா இடப்பக்கம், அதை நகலெடுத்த அடுத்த ஸ்லைடில் வலப்பக்கம். நடுவில் மார்ஃப் போட்டால் நிலாவே நகர்ந்து போகும். உருவங்கள் குழம்பினால், ஆல்ட்+எஃப்10 அழுத்தினால் வரும் உருவங்களின் பட்டியலில், இரண்டு ஸ்லைடிலும் அந்த உருவத்துக்கு ஒரே பெயர் கொடுத்து, முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி போடுங்கள். சரியாகிவிடும்.

வகுப்பில் நிற்கும்போது விரல் தானாகப் போவது பி விசைக்கு. திரை கறுத்துவிடும், 45 தலையும் என் பக்கம் திரும்பும். மறுபடி பி, பாடம் வந்துவிடும். யாராவது பழைய படத்தைக் கேட்டால் 12, என்டர். நேரே 12ஆம் ஸ்லைடு. எண் நினைவிருக்காது என்பதால், பக்கத்துக்கு 9 ஸ்லைடு வீதம் அச்சடித்த தாள் மேசையில் கிடக்கும். பாதியில் நிறுத்தித் திருத்தினால் ஷிப்ட்+எஃப்5, நின்ற ஸ்லைடிலிருந்தே ஓடும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸின் இடப் பட்டனை அழுத்தி நகர்த்தினால் சிவப்புப் புள்ளி. காசு கொடுத்து வாங்கிய லேசர் பேனா, பேட்டரி தீர்ந்து, சாக்பீஸ் டப்பாவுக்குள் கிடக்கிறது.