பாதியில் இறங்கினால் கையில் என்ன இருக்கும்? நேரடி பி.இ.யும் டிப்ளமோ வழி பி.இ.யும்

2022 ஜூன் 20. பிளஸ் டூ முடிவு வந்த அன்று மதியம் கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, நீ வந்து பேசினாத்தான் சரி வரும். இவன் காலையிலிருந்து வாயே திறக்க மாட்டேங்கான்."

அக்கா மகன் கணக்கில் 68, இயற்பியலில் 62, வேதியியலில் 64 வாங்கியிருந்தான். பொறியியல் கட்-ஆஃபுக்குக் கணக்கு மதிப்பெண் முழுசாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும். 68, 31, 32. ஆக 200-க்கு 131. தமிழ்நாட்டில் நானூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. 131-க்கும் கவுன்சிலிங்கில் இடம் கிடைக்கும். எந்தக் கல்லூரியில், எவ்வளவு செலவில் என்பதுதான் கவலை.

அத்தான் லாரி ஓட்டுகிறார். பையன் சின்ன வயதிலிருந்தே அந்த லாரிக்கு அடியில் கிடந்து வளர்ந்தவன். மெக்கானிக்கல் தவிர வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. அதனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது. மிச்சம் மூன்று வழிகள். கவுன்சிலிங்கில் கிடைக்கும் தனியார் கல்லூரியில் நேரடியாக பி.இ., அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து டிப்ளமோ முடித்து, அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டு.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். நான்கு வருடம் ஆகப்போகிறது. இன்னொரு முறை கேட்டாலும் அதையே சொல்வேன்.

பி.எஸ்சி. பற்றி என்னால் அதிகம் பேச முடியாது, எங்கள் குடும்பத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் குறைவு. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, மூன்றே ஆண்டு. ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற தேர்வுகளுக்கு, அதாவது குரூப் 2, குரூப் 1, வங்கித் தேர்வுகளுக்கு, அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: பிளஸ் டூவில் கணக்கு எடுத்து பி.எஸ்சி. முடித்தவர்களும் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல பாதை. எங்கள் பையனுக்குக் கையில் ஸ்பேனர் இல்லாமல் மூன்று வருடம் ஓடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நேரடி பி.இ.க்குப் பெரிய ஆதாயம் காலம். நான்கே வருடம். டிப்ளமோ வழியில் இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்து. "ஒரு வருஷத்தை எதுக்கு வீணாக்கணும்?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. செலவும் நாம் பயந்த அளவுக்கு இல்லை. 2017-ல் கட்டணக் குழு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நிர்ணயித்தது ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினால் அதில் 25,000 குறையும். ஆனால் நாங்கள் விசாரித்த கல்லூரியில் பேருந்து, பயிற்சி, சீருடை என்று வேறு பெயர்களில் இன்னும் 40,000 கேட்டார்கள். ஆக ஆண்டுக்கு 65,000, நான்கு ஆண்டுக்கு 2,60,000. கல்விக் கடன் வாங்கிச் சமாளித்திருக்கலாம்.

காலமும் பணமும் நேரடி பி.இ.யை முழுசாக வீழ்த்தவில்லை. என் மனதை மாற்றியது வேறு ஒன்று.

அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன். ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. சேர்ந்து மூன்றாம் ஆண்டுப் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டான். பதினோரு அரியர். முதல் செமஸ்டர் கணக்கே தாண்டவில்லை. ஐந்து செமஸ்டர் உட்கார்ந்து படித்த பிள்ளை, ஆனால் தாளில் அவன் வெறும் பிளஸ் டூ. மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. கடைசியில் அவன் அம்மா நகையை வைத்துத்தான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மீட்டார்.

கடனும் நிற்காது. கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை பட்டம் வாங்கினானா என்பது அந்தக் கணக்கில் வராது. லாரி ஓட்டுகிற மனிதர் போட்ட கையெழுத்துதான் வரும்.

அதனால் அத்தானிடம் ஒரே கேள்வி கேட்டேன். "இவன் பாதியில இறங்கிட்டான்னா கையில என்ன இருக்கும், அத்தான்?"

இந்தக் கேள்வியை வைத்து மூன்று வழிகளையும் பாருங்கள். பி.இ.யில் இரண்டு ஆண்டு கழித்து இறங்கினால் ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து இறங்கினாலும் ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டும் முடித்து இரண்டு அரியர் நின்றாலும் பட்டம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து 7 ஆண்டுக்குள் எழுதி முடிக்க வாய்ப்பு தருகிறார்கள், அதுவரை வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். பி.எஸ்சி.யும் அப்படித்தான், மூன்றாம் ஆண்டு முடிந்தால்தான் பட்டம். டிப்ளமோ வழியில் இரண்டாவது ஆண்டு முடிவிலேயே ஒரு நிறுத்தம் வந்துவிடுகிறது. அங்கே இறங்கினாலும் கையில் ஒரு முழுச் சான்றிதழ். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம். ஓராண்டு அப்ரன்டிஸ் போகலாம். ஒரகடம், ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளில் டிப்ளமோ டிரெய்னியாக எடுக்கிறார்கள். மேலே படிக்க மனம் இருந்தால் அதே பஸ்ஸில் உட்கார்ந்துகொள்ளலாம்.

கணக்கில் 68 எடுத்த பிள்ளை பி.இ. கணக்குத் தாள்களைத் தாண்டுவானா என்பது 17 வயதில் யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. தெரியாத இடத்தில் நடுவில் ஒரு நிறுத்தம் உள்ள வழிதான் பாதுகாப்பு. அந்த ஓராண்டு அதிகச் செலவை நான் அதற்கான விலையாகத்தான் பார்த்தேன்.

இந்த வழியில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தூத்துக்குடி அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் மாதம் அவன் மிகவும் சோர்ந்து போனான். வகுப்பில் பெரும்பாலானோர் பத்தாவது முடித்து வந்தவர்கள், இவனைவிடச் சின்னப் பையன்கள். ஃபிட்டிங், டிராயிங் எல்லாம் அவர்களுக்கு முதல் ஆண்டிலேயே கை பழகியிருந்தது. ஊரில் வேறு, "பிளஸ் டூ முடிச்சிட்டு பாலிடெக்னிக்கா?" என்று கேட்காத ஆள் இல்லை. அக்கா ஒரு கல்யாண வீட்டில் இதைக் கேட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்தாள். பிள்ளையை இந்த வழியில் அனுப்புகிறவர்கள் இந்தப் பேச்சுக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

அது மாறிய நாளும் நினைவிருக்கிறது. தீபாவளி லீவுக்கு வந்தவன் பையிலிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தான். 25 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் ராடு, லேத்தில் படிப்படியாகக் கடைந்து குறைத்தது. ஒரு முனையில் கை வழுக்காமல் இருக்க நர்லிங் போட்டிருந்தான். விரலை வைத்துப் பார்த்தேன், சொரசொரப்பு ஒரே சீராக இருந்தது. நடுப்படியைக் காட்டி, "மாமா, இங்க 18 வரணும். கொஞ்சம் ஆழமா குடுத்துட்டேன், 17.8 ஆயிருச்சு" என்றான். 0.2 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாத அந்தத் தப்பை அவனே கண்டுபிடித்துச் சொன்னான். பிளஸ் டூவில் இரண்டு வருடம் அவன் ஒரு தப்பைக்கூட வாயால் ஒத்துக்கொண்டதில்லை.

2024-ல் 84 சதவீதத்தோடு டிப்ளமோ முடித்தான். லேட்டரல் என்ட்ரி, அதாவது பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்கான கவுன்சிலிங்கில் அந்த மதிப்பெண்தான் பேசியது, பழைய 131-ஐ யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் விருப்பப் பட்டியலில் போடவே தயங்கிய ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் லேட்டரல் என்ட்ரிக்குத் தனியே 10 சதவீத இடம் உண்டு, முதலாண்டில் நிரம்பாத இடங்களும் அதோடு சேரும்.

அங்கேயும் கணக்குதான் மறித்தது. லேட்டரலில் வருகிறவர்கள் நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்காருகிறார்கள். டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்கிற கணக்குத் தாள் முதல் நாளிலேயே மேலே விழுகிறது, முதலாண்டில் மற்றவர்கள் படித்த இரண்டு கணக்குத் தாள்களும் இவர்களுக்குக் கிடையாது. அந்தத் தாளில் அரியர் விழுந்தது. அடுத்த முறை எழுதி கிளியர் செய்தான். இதே வழியில் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, டிப்ளமோ கடைசித் தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் கிடைக்கிற நாட்களில் முதலாண்டுக் கணக்குப் புத்தகத்தை ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

வேலை கிடைப்பதில் இரு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இப்போதைக்கு நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். அவன் மூன்றாம் ஆண்டுதான் முடிக்கிறான், கேம்பஸ் இன்டர்வியூ இனிமேல்தான். டிப்ளமோ இருப்பதால் கூடுதல் மதிப்பு என்று அவன் சீனியர்கள் சிலர் சொல்கிறார்கள், எல்லா நிறுவனமும் அப்படிப் பார்ப்பதில்லை என்று சிலர்.

கட்-ஆஃப் 180-க்கு மேல் இருக்கிற, கணக்கில் பயமில்லாத பிள்ளைக்கு இந்தச் சுற்று வழி தேவையே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை என்றால் கணக்கே மாறிவிடும். 2021 முதல் பொறியியலிலும் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. எங்கள் பையன் மெட்ரிக் பள்ளியில் படித்ததால் அது கிடைக்கவில்லை.

அவன் தங்கைக்குக் கிடைக்கும். 2019-ல் அத்தானுக்குச் சவாரி குறைந்தபோது இரண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட முடியவில்லை. பத்தாவது பொதுத்தேர்வு வருகிறதே என்று பையனை அதே பள்ளியில் விட்டுவிட்டு, ஆறாவது போகவேண்டிய அவளை மட்டும் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். அப்போது அக்கா அழுதாள். அவளும் இந்த வருடம் பிளஸ் டூ. கணக்கு நன்றாக வருகிறது, இ.சி.இ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், வேண்டும் என்கிறாள். அவளுக்கு நேரடி பி.இ.தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை மட்டும் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.