டென்னஸி பாஸ் குக்ஹவுஸ்: ஒரு மைல் பனி நடைக்குப் பிறகு பரிமாறப்படும் விருந்து

கொலராடோ மாநிலத்தின் லெட்வில் ஊரிலிருந்து யு.எஸ். 24 நெடுஞ்சாலையில் வடக்கே பத்து மைல் போனால் டென்னஸி பாஸ் கணவாய். ஸ்கி கூப்பர் சறுக்குமையத்தின் அடிவாரத்தில், நார்டிக் ஸ்கி (பனிப்பாதையில் நடப்பது போலத் தள்ளிச் சறுக்கும் வகை) மையமான நார்டிக் சென்டர் வாசலில் காரை நிறுத்த வேண்டும். உணவகம் அங்கே இல்லை. பைன் காட்டுக்குள் இன்னும் ஒரு மைல் தள்ளி, 10,800 அடி உயரத்தில், யர்ட் எனப்படும் ஒரு வட்டக் கூடாரத்துக்குள் இருக்கிறது. குளிர்காலத்தில் வாடிக்கையாளர் ஸ்கி மாட்டிக்கொண்டோ, பனியில் புதையாமல் நடக்கக் காலடியில் கட்டும் ஸ்னோஷூ கட்டிக்கொண்டோ அங்கே ஏறிப் போக வேண்டும். முடியாதவர்களைப் பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் ஏற்றிப்போக ஏற்பாடு உண்டு, ஆனால் அதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

இரவு விருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் நாலு கோர்ஸ், ஒரே கட்டணம். முக்கிய உணவு எது என்பதையும் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு மெனுவைப் புரட்டிப் பழகிய நமக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் மேலே போகும் ஒவ்வொரு கிலோவும் பனியில் இழுத்துச் செல்லப்படுவது. மிஞ்சும் ஒவ்வொரு கிலோவும் அதே வழியில் கீழே வர வேண்டியது. தலைக்கணக்குப் போட்டுத்தான் இறைச்சி ஏறுகிறது. கடைசி நேரத்தில் ஆள் கூடினாலோ குறைந்தாலோ சிக்கல் என்பதால், ரத்து செய்வதற்கான விதிகளைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசுமுன் உயரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அந்தச் சமையலையே உயரம்தான் தீர்மானிக்கிறது. 10,800 அடி என்பது கிட்டத்தட்ட 3,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர் 89 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. அதனால் கொதிநீரை நம்பிச் செய்கிற எதுவும் அங்கே தாமதமாகும், பாஸ்தா, சாதம், பயறு எல்லாமே. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு லேசில் மசியாது. ஆனால் கிரில்லுக்கும் ஓவனுக்கும் இந்தத் தடை கிடையாது. தீயின் நேரடிச் சூடு கடற்கரையில் எப்படியோ மலையிலும் அப்படியே. இந்த உணவகத்தின் மெனு இறைச்சியையும் மீனையும் நெருப்பில் வாட்டுவதைச் சுற்றி அமைந்திருப்பது அந்த உயரத்துக்குச் சரியான முடிவு. மலையோடு சண்டை போடாத சமையல் அது.

எல்க் மானின் டெண்டர்லாயின்தான் இவர்களுடைய அடையாளம். போகிறவர்கள் பெரும்பாலும் அதையே கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். எல்க் பெரிய மான் இனம். அதன் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. டெண்டர்லாயின் என்பது முதுகெலும்பை ஒட்டி உள்பக்கமாக ஓடும், அதிகம் வேலை செய்யாத தசை. அதனால்தான் அவ்வளவு மென்மை. மாட்டிறைச்சி போலவே கருஞ்சிவப்பு, ஆனால் நெய்ப்பு இல்லாமல் லேசான இனிப்போடு இருக்கும். இறைச்சியின் நடுப்பகுதி 54 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும்போது எடுத்து, சில நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறு உள்ளேயே நிற்கும். 65 டிகிரி தாண்டினால் உலர்ந்து நார் நாராகிவிடும், காக்க உள்ளே கொழுப்பு இல்லை. நம்மில் பலருக்கு உள்ளே சிவப்பு தெரிந்தால் பிடிக்காது. அப்படிப்பட்டவர்கள் எல்க் கேட்டு, நன்றாக வேகவையுங்கள் என்று சொல்லிவிட்டு, ரப்பர் மாதிரி இருக்கிறதே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. அவர்களுக்கு ஆட்டு விலா எவ்வளவோ மேல். எலும்பை ஒட்டிய கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் தாங்கும். மீனும் கோழியும்கூட மெனுவில் இடம்பெறுபவைதான். பருவத்துக்குப் பருவம் பட்டியல் மாறும்.

சைவர்கள் முன்பதிவில் வெறுமனே “வெஜிடேரியன்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. அமெரிக்கச் சமையலறைகளில் காய்கறி சூப்புக்கும் அடிப்படை பல சமயம் கோழி எலும்புச் சாறுதான். அசல் பார்மெசான் சீஸில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். கீழே ஊரில் என்றால் சமையல்காரர் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பலாம். இங்கே மாலையில் மேலே இருப்பதுதான் இருப்பு. நட்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்: மருந்து ஊசி கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆம்புலன்ஸ் யர்ட் வாசலுக்கு வராது.

இனி நடை. ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர்தான். ஏற்றம் ஏறக்குறைய 300 அடி. சமவெளியில் இருபது நிமிட வேலை. அந்த உயரத்தில், பனியில், பழக்கமில்லாதவருக்கு நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். மூச்சு வாங்கும், நாலு அடிக்கு ஒரு தரம் நிற்கத் தோன்றும். நிற்பதில் தவறே இல்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். கடல்மட்டத்து ஊரிலிருந்து காலையில் விமானம் ஏறி, மாலையில் இங்கே வந்து நிற்பதுதான் மிகப் பெரிய தவறு. தலைவலி, குமட்டல், பசியின்மை என்று உயரநோயின் முதல் அறிகுறிகள் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேரும். டென்வர் நகரம் 5,280 அடி, வெய்ல் ஊர் சுமார் 8,150 அடி. இந்த இரண்டிலும் ஒவ்வொரு இரவு தங்கிவிட்டு மூன்றாம் நாள் ஏறுங்கள். லெட்வில்லே பத்தாயிரம் அடிக்கு மேல் இருப்பதால் முதல் இரவுக்கு அது ஏற்ற ஊர் அல்ல.

ஸ்கியா ஸ்னோஷூவா என்றால், முதல் தடவை போகிறவர்களுக்கு ஸ்னோஷூதான். மலைச்சரிவில் ஸ்கி செய்து பழகியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை முக்கியமாகத் தேவை. நார்டிக் ஸ்கி ஒல்லியானது, குதிகால் கட்டப்பட்டிருக்காது, சாதாரண நார்டிக் ஸ்கியின் விளிம்பில் எஃகு கிடையாது. ஏறும்போது அடியிலுள்ள மீன்செதில் வடிவம் பனியைப் பிடித்துக்கொள்ளும், சுகமாக இருக்கும். சிக்கல் இறக்கத்தில். பகலில் இளகிய பாதை இரவில் இறுகிக் கண்ணாடியாகும். இரண்டு ஸ்கியையும் முன்பக்கம் சேர்த்து ‘வி’ போல வைத்து வேகம் குறைக்கப் பார்த்தால், எஃகு விளிம்பு இல்லாததால் பனியைக் கடிக்காது. பாதையின் ஓரத்தில் இளகிய பனி இருக்கும் இடத்தில் ஒரு ஸ்கியை மட்டும் வெளியே எடுத்துத் தேய்ப்பதுதான் வழி. அந்த உத்தி கைவராதவர் இரவில் ஸ்கியில் இறங்கக் கூடாது.

ஸ்னோஷூவுக்குப் பாதை நன்றாக அமுக்கி வாரப்பட்டிருப்பதால் பெரிய அளவு தேவையில்லை. 22 அங்குலம் போதும், கனமானவர்களுக்கு 25. பக்கிள்கள் காலின் வெளிப்பக்கம் இருக்கும்படி கட்டுங்கள். உள்பக்கம் இருந்தால் ஒன்றோடொன்று மாட்டித் தள்ளிவிடும். பிடிமானம் தருவது முன்பாதத்துக்கு அடியிலுள்ள இரும்புப் பற்கள். இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்ந்தால் அந்தப் பற்கள் பனியை விட்டு எழும்பி வழுக்கும். முழங்காலை மடக்கி, எடையைப் பாதத்தின் நடுவில் வைத்து இறங்க வேண்டும். இன்னொன்று: பாதையோரத்தில் இரண்டு இணையான பள்ளக்கோடுகள் ஓடும். அவை ஸ்கிக்காக இயந்திரம் போட்டவை. ஸ்னோஷூவோடு அதில் மிதித்தால் பின்னால் வருகிற ஸ்கிக்காரர் விழுவார். வாரிய அகலப் பகுதியின் ஓரத்திலேயே நடங்கள்.

உடைதான் பலரும் கோட்டை விடுகிற இடம். ஜனவரி இரவில் -15 டிகிரி சாதாரணம் என்று கேள்விப்பட்டு, கனமான கோட்டைப் போட்டுக்கொண்டே ஏறுவார்கள். பாதி வழியில் வியர்த்துவிடும். ஏறும் வரைக்கும் ஈரம் தெரியாது. கணகணப்பான யர்ட்டுக்குள்ளும் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில்தான் அந்த ஈரம் முதுகைக் கவ்வும். புறப்படும்போது லேசாகக் குளிர்வது போல இருந்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். பருத்தி பனியனும் ஜீன்ஸும் கூடவே கூடாது. கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். கனமான கோட்டு பையில் இருக்கட்டும், இறங்கும்போது தேவைப்படும். பையில் உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி, மாற்று பனியன் ஒன்று, இன்னொரு ஜோடி கையுறை. இந்த மூன்றும் 400 கிராம்கூட வராது. திரும்பும் வழியின் சுகம் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது.

தலையில் மாட்டும் விளக்கான ஹெட்லாம்ப் அங்கேயே தருகிறார்கள். சொந்தமாகக் கொண்டுபோவதானால் லித்தியம் பேட்டரி போடுங்கள். அல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் சட்டென்று வலுவிழக்கும். ஏறும்போது வெளிச்சம் தேவைப்படாவிட்டால் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டால் சூடு காக்கும். முழுநிலவு இரவுகளில் பனியின் பிரதிபலிப்பே போதும், விளக்கை அணைத்துவிட்டு நடக்கலாம். அந்தத் தேதிகள்தான் முதலில் விற்றுத் தீரும்.

வாசலுக்கு வந்ததும் ஸ்கியை வெளியேயே பனியில் நட்டு நிறுத்துங்கள். படுக்கப்போட்டால் விழுகிற பனி மூடும். உள்ளே எடுத்துப்போய்ச் சூடேற்றினாலோ, மறுபடி பனியில் வைத்ததும் அடியில் நீர் உருகி உறைந்து ஒட்டிக்கொள்ளும். திரும்பும் நேரத்தில் பூட்ஸ் ஸ்கியில் பூட்ட மறுத்தால், பூட்ஸின் முனைக்கம்பி இருக்கும் குழியில் பனிக்கட்டி அடைத்திருக்கிறது என்று பொருள். ஊன்றுகோலின் கூர்முனையால் அந்தக் குழியைச் சுரண்டிவிட்டு மிதித்தால் ‘டக்’ என்று விழும். இது தெரியாமல் இருட்டில் கால்மணி நேரம் குதித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

யர்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. மங்கோலிய, கிர்கிஸ் மேய்ப்பர்களின் வட்டக் கூடாரம்தான் இதன் மூலம். மடக்கு வேலி போன்ற மரப்பின்னல் சுவர், அதிலிருந்து சாய்ந்து எழும் கழிகள், அவை போய்ச் சேரும் உச்சி வளையம். கிர்கிஸ்தான் கொடியில் இருப்பது அந்த வளையம்தான். இன்றைய அமெரிக்க யர்ட்களில் சுவரின் மேல்விளிம்பைச் சுற்றி எஃகு வடம் ஓடும். கூரையில் பனி ஏற ஏற, கழிகள் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது அந்த வடம். வட்டமாக இருப்பதால் காற்று மோதாமல் வழுக்கிப் போகும். உள்ளே உட்காருபவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: துணிச்சுவரை ஒட்டிய இடமும் கதவோர இடமும் சில்லென்று இருக்கும், நடுவில் வியர்க்கும். குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் கதவிலிருந்து தள்ளி இடம் கேளுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் உள்ளே நுழைந்ததும் ஓரமாக நின்றுவிடுங்கள், இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது.

மது விஷயத்தில் ஒரு கோப்பையோடு நிறுத்துவது நல்லது. உயரத்தில் உடலில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும், தலைவலி இரட்டிப்பாகும், இறக்கமும் காத்திருக்கிறது.

மதிய உணவுக்கும் போகலாம். பகலில் போனால்தான் மொட்டைமாடி போன்ற வெளித்தளத்தில் நின்று சாவாட்ச் மலைத்தொடரைப் பார்க்க முடியும். ராக்கி மலைகளிலேயே உயரமான எல்பர்ட் சிகரம் அந்தத் தொடரைச் சேர்ந்தது. குழந்தைகளோடு வருபவர்களுக்கும், முதல் தடவை நார்டிக் ஸ்கி போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் மதியமே சரி. இரவு விருந்தின் நிறைவு அதில் வராது என்பதும் உண்மை. இருட்டும் குளிரும் கடந்து வந்து, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அந்தச் சூடும், முதலில் வருகிற சூப்பும் வேறு வகை. ஆஸ்பென் ஊர் அருகே ஆஷ்கிராஃப்ட்டில் இருக்கும் பைன் கிரீக் குக்ஹவுஸுக்கும் ஸ்கியில் போகலாம். அது மரவீடு, குதிரைச் சறுக்குவண்டியும் உண்டு, உயரமும் ஆயிரம் அடி போலக் குறைவு. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை அழைத்துப்போக அதுதான் பொருத்தம். யர்ட்டும் நடையும் வேண்டுமென்றால் டென்னஸி பாஸ்.

கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டால், ஸ்கி கூப்பர் நுழைவாயிலில் இருக்கும், அமெரிக்க ராணுவத்தின் 10-ஆம் மலைப்படைப் பிரிவின் நினைவுக்கல்லைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அருகிலுள்ள கேம்ப் ஹேலில், 1942 முதல், அந்த வீரர்கள் ஸ்கியிலும் ஸ்னோஷூவிலும் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் சறுக்கிப் பழகிய சரிவுதான் இன்றைய ஸ்கி கூப்பர். முகாம் இருந்த பள்ளத்தாக்கு 2022-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

விருந்து முடிந்து கீழே வர இரவு வெகுநேரம் ஆகிவிடும். அன்றிரவே டென்வர் திரும்பத் திட்டமிடாதீர்கள். சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரப் பயணம். லெட்வில் வழியாகப் போனால் 11,318 அடி ஃப்ரீமான்ட் கணவாயைக் கடக்க வேண்டும், சாலையில் மான்கள் நிற்கும். ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை பனிக்கேற்ற டயரோ, காரில் டயர் சங்கிலி போன்ற மாற்றோ இருப்பது கட்டாயம், டயரின் பள்ளம் 3/16 அங்குலமாவது இருக்க வேண்டும். வாடகைக் கார் எடுக்கும்போதே டயரைக் குனிந்து பார்த்துவிடுங்கள். லெட்வில்லில் அறை போட்டுவிட்டால் பத்து மைலில் படுக்கை.