ஆக்சலாட்டிலுக்குத் துணை: தங்கமீனா, இன்னோர் ஆக்சலாட்டிலா?

மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்டதும் தொட்டியில் வளர்க்கப்படுவதுமான ஆக்சலாட்டில் என்னும் வாலுள்ள நீர்வாழ் சாலமாண்டருக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்நீரே உகந்தது என்பதால், அதே குளிர்ச்சியைத் தாங்கும் தங்கமீன் பொருத்தமான துணையாகத் தோன்றுகிறது. ஆனால், ஆக்சலாட்டிலின் தலையின் இருபுறமும் இறகுபோல் அசையும் செவுள்களைத் தங்கமீன் இரையென்று கொத்திவிடும். மீன் சிறியதாக இருந்தால் ஆக்சலாட்டில் அதை விழுங்கிவிடும், அப்போதும் மீனின் உடலிலுள்ள தயாமினேஸ் என்னும் நொதி உயிர்ச்சத்து பி1-ஐச் சிதைத்துவிடும்.

ஒத்த அளவுள்ள இன்னோர் ஆக்சலாட்டிலே மேல். இளம் பருவத்தில் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடுவதுண்டு. இழந்த கால் மீண்டும் வளரும் என்றாலும், அதுவரை பிரித்து வைப்பதே நல்லது. இரண்டும் ஒரே பாலினமாக இருக்கட்டும். இல்லையெனில், நூற்றுக்கணக்கான முட்டைகளுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். (தனியே விட்டாலும் அது ஏங்குவதில்லை.)