கேஸ் ஊசியா, பான் ஊசியா, வெறும் மாத்திரையா?

"ஏனுங் சிஸ்டர், ஒரு கேஸ் ஊசி போட்டு உடுங்க, சந்தைக்குப் போவோணும்."

கோபி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் 18 வருடம் வேலை பார்த்ததில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். ஊரில் கிடா வெட்டு என்றால் மறுநாள் காலையில் வாசலில் வரிசையே நிற்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். "மாத்திரையெல்லாம் நம்ம ஒடம்புக்குக் கேக்காதுங், ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்பார்கள்.

கேஸ் ஊசி என்று ஒரு மருந்து கிடையாது. அந்தப் பெயரில் போடப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது ரேனிடிடின். ரேன்டாக் என்றால்தான் பலருக்குத் தெரியும். 2 மி.லி. ஆம்பூலில் 50 மி.கி. இருக்கும், உடைத்து அப்படியே இழுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பான்டோபிரசோல், வார்டில் சுருக்கமாக 'பான்'. 40 மி.கி. வெள்ளைத் தூளாகச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும், சலைன் விட்டுக் கரைக்க வேண்டும். இரண்டுமே வாயுவை வெளியே தள்ளுவதில்லை, வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். ஊசி போட்ட கையோடு ஏப்பம் விட்டு "ஆங், வேலை செஞ்சிருச்சுங்" என்கிறவர்களிடம் நான் இதை விளக்கப் போனதில்லை.

தோட்டத்து மோட்டாரை வைத்துச் சொன்னால் வித்தியாசம் சுலபமாகப் புரியும். ரேனிடிடின் ஸ்டார்ட்டர் பட்டனைக் கையால் மறைத்துக்கொள்ளும். ஹிஸ்டமின் என்கிற பொருள் வந்து அமுக்க முடியாது. ஆனால் மோட்டாரை ஓட்ட வேறு பட்டன்களும் உண்டு, அவை வழியாகக் கொஞ்சம் அமிலம் சுரக்கத்தான் செய்யும். பான் பட்டனைக் கண்டுகொள்ளாது, மோட்டாரையே பூட்டிவிடும். அதனால் ரேனிடிடினை 6 அல்லது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கிறது, பான் சாதாரணமாக நாளுக்கு ஒன்று போதும். ரேனிடிடினுக்கு இன்னொரு பலவீனம், தொடர்ந்து சில நாள் கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், முதல் நாள் இருந்த வேகம் இருக்காது. பலத்தில் பான்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஊசி விஷயத்தில் மருந்தின் பலத்தைவிடப் போடுகிற கையின் நிதானம்தான் முக்கியம். இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமையானதல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஓ.பி.யில் நெரிசல். 60 வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஐயாவுக்கு ரேனிடிடினைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினேன், மூச்சு விடுகிற நேரத்தில் 2 மி.லி.யும் உள்ளே. "கண்ணைக் கட்டிக்கிட்டு வருது அம்மிணி" என்று சாய்ந்துவிட்டார். நாடி 44. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தோம். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டார், எனக்குத்தான் கை நடுக்கம் சாயங்காலம் வரை நிற்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. அடுத்த ஊசி போடும்போது தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்து, "அஞ்சு நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரேனிடிடினை நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பு இறங்கலாம். அதனால் 50 மி.கி.யை 20 மி.லி. ஆகக் கரைத்து 5 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். இல்லை என்றால் 100 மி.லி. சலைனில் கலந்து கால் மணி, 20 நிமிடம் சொட்டவிடலாம். தசையில் போடுவதானால் கலக்கத் தேவையில்லை. பான் அப்படி இல்லை, அதை ஒருபோதும் தசையில் போடக் கூடாது, நரம்பில் மட்டும்தான். 10 மி.லி. சலைனில் கரைத்து 2 நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும், 100 மி.லி.யில் கலந்தால் கால் மணி நேரம். "இடுப்புல போட்டு உடுங்க, சீக்கிரம் போவோணும்" என்கிறவர்களுக்குப் பான் சரிப்படாது. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள், சிரிஞ்ச் நரம்பில் இருக்கிறது, சுவரில் கடிகாரம் இருக்கிறது என்றால் தாராளமாகப் பாருங்கள். "கொஞ்சம் மெதுவாப் போடுங்க சிஸ்டர்" என்று சொன்னால் எந்த நல்ல நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பானைக் கரைப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. அது காரத்தன்மை உள்ள மருந்து. கேனுலா, அதாவது நரம்பில் செருகும் சின்னக் குழாய், சரியாக உட்காராமல் வெளியே கசிந்தால் எரியும், வீங்கும், நரம்பு கயிறு மாதிரி கெட்டியாகும். அதே லைனில் வாந்திக்கான ஒன்டன்செட்ரானை உடனே ஏற்றினால் திரிந்த பால் போலக் கலங்கக்கூடும். மிடாசொலாம் என்கிற மயக்க மருந்தோடும் சேராது. ஒன்று முடிந்ததும் லைனைச் சலைனால் கழுவிவிட்டுத்தான் அடுத்தது. கரைத்த பான் தெளிவாக இருக்க வேண்டும். நிறம் மாறியிருந்தால், துகள் மிதந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். காலை ஷிஃப்டில் கரைத்து டிரேயில் வைத்ததை ராத்திரி ஷிஃப்ட் எடுத்துப் போடுகிற சிக்கனம் எல்லாம் வேண்டாம்.

விலையில் ரேனிடிடின்தான் மலிவு, ஒரு டீக் காசில் முடிந்துவிடும். சின்ன கிளினிக்குகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 2019-ல் ரேனிடிடினில் என்.டி.எம்.ஏ. என்கிற மாசு கண்டுபிடிக்கப்பட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள் அது. நாள் ஆக ஆக, வெப்பம் கூடக் கூட, அந்த மாசு மருந்துக்குள்ளேயே பெருகுவதைப் பார்த்துவிட்டு, 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லா ரேனிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இங்கே விற்பனை நிற்கவில்லை, ஆனால் 2022-ல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதன் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. என்றோ ஒரு ஊசி போட்டுக்கொண்டதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கவலை எல்லாம் வருடக்கணக்கில் எடுக்கிறவர்களைப் பற்றித்தான். இருந்தாலும் சித்திரை வெயிலில் ஈரோடும் கரூரும் கொதிக்கிற கொதிப்பில், தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடக்கும் பெட்டியை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ரேனிடிடினுக்குப் பதிலாக அதே குடும்பத்தில் ஃபாமோடிடின் இருக்கிறது. 20 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை, இந்த மாசுப் பிரச்சினை இல்லை. ஆனால் ரேனிடிடின், ஃபாமோடிடின் இரண்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அளவைக் குறைக்காமல் போட்டால் மருந்து உடம்பில் தேங்கி, வயதானவர்கள் சம்பந்தம் இல்லாமல் பேச ஆரம்பிப்பார்கள். வீட்டார் "அப்பாருக்குப் புத்தி தடுமாறிருச்சு" என்று அழுவார்கள். பானுக்குச் சிறுநீரகத்துக்காக அளவு குறைக்க வேண்டியதில்லை, கல்லீரல் மோசமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊரில் இது பான் பக்கம் கனமான ஒரு புள்ளி.

வலி ஊசியையும் கேஸ் ஊசியையும் ஒரே சிரிஞ்சில் இழுத்துப் போடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வலி ஊசியான டைக்ளோஃபெனாக்கை வேறு எந்த ஊசியோடும் கலக்கக் கூடாது. வலி மருந்து வயிற்றைப் புண்ணாக்குவது ரத்தம் வழியாகவும்தான், கூடவே ஒரு ரேனிடிடின் போட்டால் கணக்கு நேராகிவிடாது.

சரி, மாத்திரைக்கு வருவோம். என் கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு ஜெயிக்கிறது இதுதான். பான்டோபிரசோல் மாத்திரையில் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. விழுங்க முடிகிறவருக்கு ஊசியால் கிடைக்கிற கூடுதல் லாபம் சொற்பம். மாத்திரை 'கேக்காமல்' போவதற்குப் பெரும்பாலும் காரணம் சாப்பிடுகிற நேரம். ஓடுகிற மோட்டாரைத்தான் பானால் பூட்ட முடியும், சாப்பாடு வரும்போதுதான் மோட்டார்கள் ஓடும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில், கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். திருப்பூரில் நைட் ஷிஃப்ட் முடித்து, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, எரிய ஆரம்பித்த பிறகு போட்டால் எப்படிக் கேட்கும்? முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதையும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இப்போதே எரிகிறது என்றால் அமிலத்தைத் தணிக்கிற ஜெல் மருந்து ஒரு மூடி, நான் பார்த்தவரை எந்த ஊசியையும்விடச் சீக்கிரம் அடக்கும்.

அப்புறம் ஊசி யாருக்கு? விழுங்க முடியாதவர்களுக்கு, விடாமல் வாந்தி எடுப்பவர்களுக்கு, ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு. எல்லாருக்கும் மேலாக, வயிற்றுப் புண் வெடித்து ரத்த வாந்தி எடுப்பவருக்கு, தார் மாதிரிக் கறுப்பாக மலம் போகிறவருக்கு. அங்கே பான் மாதிரி மருந்துதான், ரேனிடிடினுக்கு வேலையே இல்லை. எண்டோஸ்கோப்பியில் ரத்தத்தை நிறுத்திய பிறகு 80 மி.கி. முதலில், அடுத்து மணிக்கு 8 மி.கி. வீதம் 72 மணி நேரம் ஓடும். மற்றபடி காய்ச்சலுக்கு டிரிப் போட்டாலே கூடவே ஒரு பான் போடுவது வெறும் பழக்கம். அந்தப் பழக்கம் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஏறி, வீட்டில் இரண்டு வருடம் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். நாள்பட எடுத்தால் மக்னீசியம் இறங்கலாம், பி12 குறையலாம், எலும்பு பலவீனப்படலாம்.

எந்த ஊசி என்று யோசிக்கவே கூடாத ஒரு சமயமும் உண்டு. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர், 50-ஐத் தாண்டியவர், மேல்வயிறு பிசைகிறது என்று வந்தார். "வாயுவுதானுங், ராத்திரி பள்ளிபாளையம் சிக்கன் தின்னேன்." சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வேர்வை. மாரடைப்பு, முக்கியமாக இதயத்தின் அடிச்சுவரில் வருவது, மேல்வயிற்று வலியாகத்தான் பலருக்குத் தெரியும். அப்போது நாடி ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம், அதில் ரேனிடிடினை வேகமாக ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியுமே. தசையில் போட்டாலும் தப்பு. அடுத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால் குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஈ.சி.ஜி. எடுத்தோம், கோடுகள் மேலே தூக்கி நின்றன. ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் உடனே கொடுத்து 108-ல் ஏற்றி ஈரோட்டுக்கு அனுப்பினோம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் இதே மூன்று மருந்துகளைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து, இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட்டோடு திரும்பி வந்தார். "ஏனுங் சிஸ்டர், இப்பவாச்சும் அந்த ஊசி போடுவீங்களா?" என்று சிரித்தார். மாத்திரைப் பையைக் கவிழ்க்கச் சொன்னேன். குளோபிடோகிரலுக்குப் பக்கத்தில், பான் குடும்பத்திலேயே இன்னொரு மருந்தான ஒமிபிரசோல் அட்டை ஒன்று, பாதி காலி. நெஞ்சு கரிக்கிறது என்று கடையில் தானே கேட்டு வாங்கியதாம். ஒமிபிரசோலும் ஈசோமெப்ரசோலும் குளோபிடோகிரலின் வேலையைக் குறைக்கும் என்று 2009-லேயே எச்சரிக்கை வந்தாகிவிட்டது, பானில் அந்தத் தொந்தரவு குறைவு. அட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அவருடைய இதய டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட வைத்தேன்.